மாமன் மடி

14

“தலையைக் காட்டுடி.”

“எதுக்கும்மா? இன்னிக்கு ஸ்கூல் இல்லியே.”

“காட்டுன்னா காட்டு. சிக்கெடுக்கணும்.”

தேவசேனா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். வயது ஒன்பது. பின்னலை அவிழ்த்ததும் முடி இடுப்பைத் தாண்டி இறங்கியது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. முதல் முடி மலைமேல் முருகனுக்கு என்று பிரபாவதி நேர்ந்துகொண்டிருந்தாள். நேர்ந்ததோடு விட்டாளா? மாடி கட்டி முடித்து, கிரகப்பிரவேசமும் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில், ஊரே வாய் பிளக்க நடத்துவது என்று தனக்குத்தானே ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டாள்.

மாடி இன்னும் வரவில்லை. தளத்தின் மேல் தூண் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மழை இறங்காதிருக்க ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு காலி பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறாள். மாடி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து, மடித்து, பெட்டியில் வைத்தாகிவிட்டது. ஜன்னல்தான் இல்லை. தேவசேனாவின் காதில் இன்றைக்கும் காந்தத் தோடுதான்.

நேற்று மாலை தங்கை சுதா சிரித்த முகமாக வந்து நின்றதும், “அக்கா, நாளைக்கு நம்ம ஹரீஷுக்கு மொட்டை. முரளி அண்ணன் செவ்வாய்க்கெழமை மஸ்கட் போவுதே, அதுக்குள்ள அது மடியில உக்கார வச்சுடலாம்னு. நீ வந்து சந்தனம் பூசணும்” என்று அழைத்ததும், பதிலே சொல்லாமல் பிரபாவதி கதவைச் சாத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் இரவெல்லாம் என்ன யோசித்தாள் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான் ராஜமாணிக்கம்.

“இன்னா, காலையிலேயே கொழந்தை தலையை அவுத்துகினு?”

“மொட்டை போடப் போறோம். இன்னிக்கே.”

“மாடி கட்டினப்புறம்னு நீதானே சொல்லிகினு இருந்த?”

“முரளி போயிட்டான்னா ரெண்டு வருஷம். அதுக்குள்ள அந்தக் குட்டிப் பையன் என் தம்பி மடியில மொதல்ல உக்காந்துடுவான். எங்க வூட்டு வழக்கம் இன்னா? மாமன் மடி மூத்தவ கொழந்தைக்குத்தான் மொதல்ல. நைனா இருந்திருந்தா சுதா இப்பிடிப் பண்ணுவாளா?”

“உக்காந்தா உக்காரட்டுமே. மடி இன்னா தேஞ்சா பூடும்?”

“உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு.”

“எனக்கு வெளையாட்டு இல்ல பிரபா. ஒம்போது வருஷமா வராத அவசரம், உன் தங்கச்சி வாசப்படி ஏறி வந்ததும் வந்துச்சேன்னு கேக்கறேன்.”

சீப்பு சிக்கில் மாட்டியது. தேவசேனா கத்தினாள்.

பொறாமை என்று சொன்னால் பிரபாவதி ஒப்புக்கொள்ள மாட்டாள். நியாயம் என்பாள். யோசித்துப் பாருங்கள் என்பாள். நான் ஒரு நல்ல புடவை எடுத்துக் கட்டினேனா? புது மிக்ஸி அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வந்ததா? எல்லாம் புதுவீட்டுக்கு, எல்லாம் மாடிக்கு என்று ஊர் ஜாக்கெட்டையெல்லாம் தைத்துத் தைத்து விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். அந்த சுதா? சரவணப் பொய்கைப் பக்கம் ஒற்றை அறை வாடகை. புருஷன் முருகவேல் மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இவள் மலைமேல் அர்ச்சனைத் தட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். ஞாயிறு வந்தால் பிரியாணி வாசனை. திடீரென்று ஒருநாள் ஆட்டோவில் ஏறி, மெரினா போய்விட்டு வந்தோம் என்பாள். நாளைக்கு என்ன என்று ஒருநாளாவது யோசித்தவளா?

ஆனால் சிரிக்கிறாள். தெருமுனையில் வரும்போதே கேட்கிறது அந்தச் சிரிப்பு. அதுதான் பிரபாவதிக்குத் தாங்கவில்லை.

வாசலில் ஹாரன் சத்தம். முருகவேல் ஆட்டோவோடு நின்றான். சாமந்திச் சரம் சுற்றியிருந்தான் வண்டிக்கு.

“அக்கா, சுதா அனுப்பிச்சுது. பாப்பாவைக் கூட்டிகினு ஏறுங்க. மேல கூட்டம் சேர்றதுக்குள்ள ஜல்தியா போயிடலாம்.”

“நாங்க எங்க வண்டியில வந்துக்கறோம்.”

ராஜமாணிக்கத்தின் வண்டி அம்மையார்குப்பம் தறிகளுக்கு நூல் ஏற்றிப்போகும் மினி லாரி. அதன் முன்சீட்டில், பின்னால் இடம் இல்லாமல் அங்கேயும் ஏற்றியிருந்த நூல் மூட்டைக்கும் கதவுக்கும் நடுவே அம்மாவும் மகளும் நசுங்கிக்கொண்டு மலையேறினார்கள். முன்னால் சாமந்தி பூத்த ஆட்டோ ஒய்யாரமாக ஆடிக்கொண்டு போனது.

“அப்பா, நீயும் வா” என்றாள் தேவசேனா, இறங்கும்போது.

“லோடு எறக்கணும் கண்ணு. வந்துடறேன்.” மனைவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “கொழந்தை முகத்தைப் பாத்து எதுவும் செய், பிரபா. தங்கச்சி முகத்தைப் பாத்து செய்யாத.”

“போங்க, போங்க.”

முடி காணிக்கை மண்டபத்தில் தண்ணீரும் சந்தனமும் கலந்த மணம். ஒரு பக்கம் ஆந்திராவிலிருந்து வந்த பெரிய குடும்பம் ஒன்று மொத்தமாக மொட்டை அடித்துக்கொண்டு, யார் யார் என்று ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஓரமாக முரளிதரன் புது வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தாம்பாளம். அதில் பட்டுச் சொக்காய், பூ, பழம், சின்னதாய் ஒரு ஜோடி கடுக்கன். சுதாவின் இடுப்பில் ஹரீஷ், ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு கடித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா வந்துட்டா!” சுதா ஓடி வந்தாள். “வர மாட்டியோன்னு நெனச்சேன். கோவமா கீறியா?”

பிரபாவதி வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப்பார்த்த வசனத்தை எடுத்தாள்.

“கோவம் இல்ல. நியாயம் கேக்க வந்தேன். மூத்தவ நான் இருக்கேன். எம்பொண்ணு இருக்கா. மாமன் மடியில மொதல்ல யார் உக்காரணும்? நீயே சொல்லு.”

“பாப்பாதான்.”

“அதைத்தான் நானும்... இன்னா சொன்ன?”

“பாப்பாதான் மொதல்லன்னு சொன்னேன். நீ மாடி கட்டினாத்தான் செய்வேன்னு சொல்லிகினு இருந்தியே, அதனால கேக்கலை. இப்ப செய்யறியா? ஐயோ, ரொம்ப சந்தோஷங்கா! ரெண்டும் ஒரே நாள்ல! அண்ணா, தள்ளி உக்காரு. பாப்பா வர்றா.”

அவ்வளவுதான். சண்டை முடிந்துவிட்டது. ஆரம்பிக்கவே இல்லை. இரவெல்லாம் தீட்டிவைத்த சொற்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் பிரபாவதி நின்றாள். விட்டுக்கொடுப்பதுகூட இவளுக்கு இவ்வளவு சுலபமா? அதுவும் சேர்ந்து எரிந்தது.

தேவசேனா மாமன் மடியில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் நீண்டு தரையில் கிடந்தன.

“யப்பா! இன்னா வெயிட்டும்மா நீ!” என்றான் முரளிதரன். “மடியில உக்கார்ற வயசா இது? கொஞ்சம் விட்டா நான் உன் மடியில உக்காரணும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தேவசேனா சிரிக்கவில்லை. முடி எடுப்பவர் சொம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றித் தேய்த்தார். நீண்ட முடி நனைந்து மாமனின் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. கத்தியில் புது பிளேடை மாட்டினார்.

அந்த ‘டக்’ சத்தத்தில் குழந்தையின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாத அழுகை.

“அக்கா, பாப்பா அழுவுது.”

“எல்லாக் கொழந்தையும் அழுவும். நீ கெட்டியா புடி.”

“ஒரு வயசுக் கொழந்தைன்னா புடிக்கலாம். இது விவரம் தெரிஞ்சது. அழுவறப்ப எப்பிடிப் புடிக்கறது?”

முடி எடுப்பவர் கத்தியைத் தாழ்த்தினார். “தலையை ஆட்டினா கத்தி படும்மா. வூட்லயே பேசி முடிச்சுட்டு வர மாட்டீங்களா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

பிரபாவதி குனிந்தாள். “இன்னாடி உனக்கு? சாமி முடி இது. என்னிக்காச்சும் குடுக்கத்தானே போறோம்?”

“நீ பொய் சொல்ற.”

“இன்னா பொய்?”

“மாடி கட்டினப்புறம்தான் மொட்டைன்னு சொன்னே.”

“சொன்னேன்...”

“அப்பா சொல்லிச்சு, மாடியெல்லாம் கட்ட முடியாது, அம்மா மனசு கஷ்டப்படும், அதனால சொல்லாதேன்னு.” குழந்தை விசும்பினாள். “அதான் எனக்கு மொட்டையே கெடையாதுன்னு நெனச்சுகினு இருந்தேன். அடுத்த வாரம் ஸ்கூல்ல கோலாட்டம். டீச்சர் என்னைத்தான் மொதல் வரிசையில நிக்க வச்சாங்க, எனக்குத்தான் நீட்டு ஜடைன்னு.”

ஆந்திராக் குடும்பத்தில் ஒரு மொட்டைத் தலை மட்டும் திரும்பிப் பார்த்தது.

மாடியெல்லாம் கட்ட முடியாது. கூடப் படுத்துத் தூங்குகிற மனிதன், தன்னிடம் சொல்லாமல், குழந்தையிடம் சொல்லியிருக்கிறான். குழந்தையோ அந்த மாடி வராது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நாள் நிம்மதியாகத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள்! தினமும் பாட்டில் கம்பியில் நிற்கிறதா, காற்றில் விழுந்துவிட்டதா என்று தான் மாடிப்படியேறிப் பார்த்தபோதெல்லாம், கீழே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

சுதா மெல்ல முழங்கையைத் தொட்டாள். “அக்கா, பூமுடி குடுத்துடலாமா? நுனியில கொஞ்சம் கத்தரிச்சு சாமிக்கு வச்சா போதும். பொம்பளைங்க எல்லாம் குடுக்கறாங்களே.”

“வேணாம். நேந்துகினது மொட்டை. அரைகுறை வேலையெல்லாம் எங்க வூட்ல கெடையாது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. முரளிதரன் கூரையைப் பார்த்தான். சுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எழுந்திரு” என்றாள் பிரபாவதி மகளிடம்.

“மொட்டை?”

“எழுந்திருன்னு சொன்னேன். ஈரத்தலையை ஒணத்து. போ.”

தேவசேனா மாமன் மடியைவிட்டுத் துள்ளி எழுந்த வேகத்தில் சொம்பு உருண்டது. முரளிதரன் அக்காவைச் சமாதானம் செய்கிறவனாய், “மொதல்ல உக்காந்தது பாப்பாதான். வழக்கம் ஒண்ணும் கெட்டுப் போவலை, போதுமா?” என்றான்.

“போதும்டா.”

போதவில்லை.

அடுத்து ஹரீஷ். மாமன் மடியில் அவன் அச்சு வைத்த மாதிரி பொருந்தினான். முதல் கொத்து முடி விழுந்ததும் வீறிட்டான். இரண்டாவது கொத்துக்கு வாழைப்பழம் ஞாபகம் வந்துவிட்டது. அழுகைக்கும் பழத்துக்கும் நடுவில் மொட்டை முடிந்தது. பெரியம்மா முறைக்கு பிரபாவதிதான் சந்தனம் பூசினாள். சின்னஞ்சிறு தலை, உள்ளங்கைக்குள் அடங்கியது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அம்மாவின் அதே சிரிப்பு.

இந்த வயதில் தேவசேனாவும் இப்படித்தானே இருந்திருப்பாள்? இந்தத் தலை அன்று என் கைக்குள் அடங்கியிருக்குமே? அந்த நாள் எங்கே போனது? நாளைக்கு, நாளைக்கு என்று பெட்டியில் மடித்துவைத்தோமே, அதற்குள்ளேயே போய்விட்டதா?

எட்டிப்பிடிக்க முடியாத இடத்தில் எரிந்தது பிரபாவதிக்கு.

தரிசனம் முடிந்தது. முருகவேல் பொங்கல் வாங்கப் போனான். முரளிதரன் போனில் யாரிடமோ டிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தேவசேனா தூணில் சாய்ந்து ஈர முடியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தை அவள் ஏறிட்டே பார்க்கவில்லை.

“அக்கா, இப்பிடி வாயேன்” என்று சுதா அந்தத் தூணுக்குப் பின்புறம், மதில் ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

கீழே ஊர் முழுதும் தெரிந்தது. தண்டவாளம், பஸ் ஸ்டாண்டு, நெருங்கிக் கிடக்கும் மொட்டைமாடிகள். அரக்கோணம் பக்கம் ஒரு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“தோ, உன் வூடு.”

வெயில் பட்டு பாட்டில்கள் மின்னின.

“தெரியுது. கிண்டல் பண்ணத்தான் இங்க கூட்டியாந்தியா?”

“கிண்டல் இல்லக்கா. கடையில யாவாரம் இல்லாதப்ப இங்கதான் வந்து நிப்பேன். அதைத்தான் பாப்பேன். அந்தக் கம்பிங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.”

“உனக்கா? துருப்புடிச்ச கம்பியைப் பாத்தா?”

“ஆங். உனக்கு மேல கட்டறதுக்கு ஒண்ணு கீது. ராத்திரி படுத்தா யோசிக்கறதுக்கு ஒரு ஜன்னல் கீது, திரைச்சீலை கீது. எனக்கு இன்னா கீது? சாயங்காலம் ஆனா சோறு, சினிமா, தூக்கம். சுதா குஷியா கீறா, சுதா குஷியா கீறான்னு எல்லாரும் சொல்றீங்க. நாளைக்கு இன்னான்னு கேட்டா பதில் இல்லாதவ, சிரிக்காம இன்னா பண்ணுவா?”

பிரபாவதி திரும்பித் தங்கையைப் பார்த்தாள். சுதா சிரிக்கவில்லை. மழலை பேச ஆரம்பித்த நாளிலிருந்து அந்த முகத்தை இப்படி அவள் பார்த்ததில்லை.

“நானும் போறேங்கா.”

“எங்க?”

“மஸ்கட்டுக்கு. அண்ணன் இருக்கற எடத்துக்குப் பக்கத்துல பெரிய சமையல்கூடம். பொம்பளையாளு கேக்கறாங்க. அண்ணன்தான் சொல்லிவிட்டுச்சு. விசா வந்துடுச்சு. அண்ணன் மொதல்ல, அப்பால நான். ரெண்டு வருஷம். திரும்பி வந்தா கீழ அடிவாரத்துல சொந்தமா ஒரு கடை. யாருகிட்டயும் கைகட்டி நிக்காம.”

“பையன்?”

“அதான் ஜல்தியா மொட்டை போட்டேன். நான் இல்லாதப்ப அவன் மொட்டையை யாரோ பாக்கறது... எனக்கு ஆவாதுக்கா. நானே பாத்துடணும்னு தோணிச்சு.” சுதா இடுப்பிலிருந்த ஹரீஷை எடுத்தாள். அக்காவின் கையில் வைத்தாள். “இவனை உன் வூட்ல வச்சுக்கறியா?”

சந்தனம் பிரபாவதியின் ஜாக்கெட்டில் அப்பிக்கொண்டது. ஹரீஷ் அவள் தாலிச்சரட்டைப் பிடித்து வாயில் வைத்தான்.

முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்படியென்றால் எனக்கு முன்னால் இவள் கட்டிவிடுவாள் என்பதுதான். இன்றைக்கும் இவளுடையது, நாளைக்கும் இவளுடையதா? அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“முருகவேலுக்குத் தெரியுமா?”

“சொல்லலை. சொன்னா விட மாட்டாரு. நீ வச்சுக்கறேன்னு சொல்லி, நீயே பக்குவமா எடுத்துச் சொன்னா கேப்பாரு. உம்பேர்ல அவ்ளோ மரியாதை அவருக்கு. உன் வூட்ல பாவாகிட்டயும் நீதான் பேசணும்.”

“நான் சொல்லணுமா?”

“உன்னை வுட்டா எனக்கு யார்க்கா கீறாங்க?”

அதற்குள் முருகவேல் வந்துவிட்டான். இரண்டு கையிலும் தொன்னைகள், ஆவி பறக்கும் பொங்கல்.

“இன்னா, அக்காவும் தங்கச்சியும் ராசியாயிட்டீங்களா? இப்பிடிச் சேந்து நிக்கறதைப் பாத்து எத்தினி நாளாச்சு! இன்னா ரகசியம்?”

ஒரு வார்த்தை போதும். ‘உம் பொண்டாட்டி இன்னா சொல்றான்னு கேளு’ என்றால் போதும். சுதா எங்கேயும் போகமாட்டாள். அடிவாரத்தில் கடை வராது. ஒற்றை அறை, ஷேர் ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அப்படியே நின்றுவிடும். அந்த வார்த்தை பிரபாவதியின் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

சுதா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரகசியம் இன்னா ரகசியம்?” என்றாள் பிரபாவதி. “உம்புள்ள தலையில சந்தனம் வழியுது, கண்ணுல எறங்கப்போவுது. அதைப் பாக்காம பொங்கல் வாங்கிகினு இருக்கே.”

தங்கையைக் காப்பாற்றினாளா, இல்லை, அந்தச் சிரிப்பு இந்த ஊரைவிட்டே போகட்டும் என்று அனுப்பிவைத்தாளா? அவளுக்கே தெரியவில்லை.

முருகவேல் சிரித்துக்கொண்டே தொன்னைகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, துண்டின் நுனியால் மகனின் நெற்றியைத் துடைத்தான். “வாம்மா பாப்பா, உனக்கும் பொங்கல்” என்று தூண் பக்கம் கூப்பிட்டான்.

தேவசேனா வந்தாள். ஈர முடி முதுகெல்லாம் படர்ந்திருந்தது. அழுத சுவடு இன்னும் காயவில்லை. ஆனால் கண்ணில் ஒரு புது வெளிச்சம். தொன்னையை வாங்கிக்கொண்டாள். ஹரீஷின் மொட்டைத் தலையை ஆசையாகத் தடவினாள்.

“சித்தப்பா, இவன் நம்ம வூட்டுக்கு வந்தா நான்தான் தெனம் குளிப்பாட்டுவேன். பக்கத்துல படுக்க வச்சுக்குவேன். சித்தி ஊருக்குப் போயி திரும்பி வர்ற வரைக்கும் அழவே வுட மாட்டேன்.”

மலைமேல் மணி அடித்தது. மிச்சப் பொங்கல் தொன்னை முருகவேலின் கையிலேயே இருந்தது. சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டு மெதுவாக இறங்கியது. அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. பிரபாவதியையும் பார்க்கவில்லை.

“எந்த ஊருக்கு, சுதா?” என்றான்.